கழுவியும் போகாத வாடை

இது முதலில் ஆண்கள் படிக்க வேண்டிய விஷயம், பெண்கள் படித்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் என் விஷயத்தில் அதை வாய் திறந்து சொன்னவள் என் மனைவிதான். இடுப்புக்குக் கீழே ஒரு வாடை. குளித்தாலும் போகவில்லை, ஜட்டி மாற்றினாலும் போகவில்லை, நல்ல சோப்பாகப் பார்த்து வாங்கினாலும் போகவில்லை. கடைசியில் பார்த்தால் இரத்தத்தில் சீனி ஏறிக் கிடக்கிறது. சீனி வருத்தத்தால் கால் எடுத்தவர்களைப் பற்றி எங்கள் தேயிலைத் தோட்டங்களில் பேசுவார்கள், கண் மங்கினவர்களைப் பற்றிப் பேசுவார்கள், கிட்னி போனவர்களைப் பற்றியும் பேசுவார்கள், ஆனால் அதே சீனி ஒரு ஆம்பளைக்கு அந்த இடத்தில் என்ன செய்யும் என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. அதனால் வெட்கப்படாமல் எழுதுகிறேன்.

நான் ஹட்டனில் வேன் ஓட்டுகிறவன். வயது 45. டிசம்பரிலிருந்து மே வரைக்கும் சிவனொளிபாதமலை சீசன், ஸ்டேஷனில் இறங்குகிற ஆட்களை ராத்திரியோடு ராத்திரியாக மலையடிவாரத்து நல்லதண்ணிக்குக் கொண்டு போய் விட வேண்டும். மற்ற மாதங்களில் கொழும்பு ஹயர், ஏயாபோட் ஹயர், கல்யாண வீடு, சாவு வீடு என்று ஓடும். மணிக்கணக்கில் ஒரே சீட்டில், அதுவும் ரெக்சின் கவர் போட்ட சீட்டில் உட்கார்ந்திருப்பேன். நிறுத்துகிற இடத்தில் எல்லாம் தேத்தண்ணி, அதில் சீனி கரண்டி கரண்டியாக. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வயதானவர்கள் இன்றைக்கும் உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு, அதை நக்கி நக்கிச் சாயத்தண்ணி குடிப்பார்கள், அப்படி வளர்ந்த நாக்கு எனக்கும்.

அந்த வாடையைச் சரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படிக்கிற ஒருவருக்கு அதுவே அடையாளமாக இருக்கலாம். வியர்வை வாடை இல்லை. நாள் முழுக்க ஓடிவிட்டு வந்தால் வருகிற வியர்வை நாற்றம் எல்லா ஆம்பளைக்கும் தெரியும், அது ஒரு குளியலில் போய்விடும். இது புளித்த மாவு மாதிரி ஒரு வாடை. காலையில் குளித்துவிட்டுப் போனால் மத்தியானத்துக்குள் திரும்ப வந்துவிடும். முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகத் திப்பி ஒட்டியிருக்கும், மொட்டு சிவந்து மினுமினுப்பாக இருக்கும், அதில் பொடிப் பொடியாகச் சிவப்புப் புள்ளிகள். அரிப்பு. மூத்திரம் போனால் கடைசிச் சொட்டு படுகிற இடத்தில் எரிச்சல். கொஞ்ச நாள் போனதும் முன்தோலின் ஓரத்தில் பிளேடால் கீறினது போல மெல்லிய வெடிப்புகள் வந்தன, தோலைப் பின்னுக்குத் தள்ளுவதே கஷ்டமாகிவிட்டது.

இதோடு சேர்ந்து உடம்பில் மற்ற மாற்றங்களும் இருந்தன, ஆனால் மலைநாட்டில் வாழ்கிறவனுக்கு அவற்றில் ஒன்றுகூடச் சந்தேகமாகத் தெரியாது. ராத்திரியில் எழுந்து எழுந்து மூத்திரம் போனேன். இங்கே குளிருக்கு யார்தான் போகாமல் இருக்கிறார்கள்? தண்ணீர்த் தாகம் எடுத்தது, தொண்டை காய்கிற அளவுக்கு வேன் ஓட்டுகிறோம், பேசுகிறோம் என்று இருந்தது. ராத்திரியில் எதிரே வருகிற லைட் மங்கலாகத் தெரிந்தது, மஸ்கெலியா ரோட்டில் மிஸ்ட் இல்லாத ராத்திரி எது? உடம்பு இளைத்தது, அதற்கு டவுனில் எல்லோரும் "என்ன அண்ணே, தொப்பை கொறஞ்சி இளம்பொடியன் மாதிரி ஆகிட்டீங்க" என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. அந்த வாடைக்கு மட்டும்தான் காரணம் கிடைக்கவில்லை.

ஒரு ராத்திரி பிள்ளைகள் தூங்கின பிறகு என் மனைவி சொன்னாள். "கோவிச்சுக்காதீங்க. கொஞ்ச நாளாவே ஒரு மாதிரி வாடை வருதுங்க. எனக்கும் அரிப்பா இருக்கு, வெள்ளையும் போகுது. ரெண்டு பேருமா போய்க் காட்டிட்டு வருவமா?" அவ்வளவுதான் சொன்னாள். அதில் குற்றம் சாட்டுகிற தொனி துளியும் இல்லை. அதை நான் இன்றைக்கும் பெரிய விஷயமாக நினைக்கிறேன், ஏனென்றால் வேன் ஓட்டுகிறவன் பற்றி ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது, ஊர் ஊராகப் போகிறவன், எங்கே தங்குகிறான் என்ன செய்கிறான் என்று யாருக்குத் தெரியும் என்று. இதே அடையாளங்களோடு வந்த இன்னொரு டிரைவரின் வீட்டில் சண்டை பெரிதாகி, அவர் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்கே போய்விட்டார். அவருக்கும் கடைசியில் சீனிதான். பரிசோதித்துப் பார்க்கும் முன்னே ஒரு குடும்பம் பிரிந்து நின்றதே, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு தாங்காது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்னால் ஒரு பாமசியில் கேட்டேன். உள்ளே இருந்தவர் எங்கே அரிக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டு ஒரு டியூப்பை எடுத்துத் தந்தார். சீனி இருக்கிறதா என்று கேட்கவில்லை, டொக்டரிடம் காட்டுங்கள் என்றும் சொல்லவில்லை. பூசினதும் அரிப்பு நின்றது, சிவப்பும் அடங்கியது. விட்டதும் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது, தொடை இடுக்கு வரைக்கும் பரவியது. அந்த டியூப்பைப் பிறகு டொக்டரிடம் காட்டினேன். அதில் பூஞ்சை மருந்தோடு பலமான ஸ்டீரொய்ட் மருந்தும் கலந்திருக்கிறது என்றார். ஸ்டீரொய்ட் சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிடும், ஆனால் தோலின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அமுக்குவதால் பூஞ்சை உள்ளுக்குள் பரவும், நீண்ட நாள் பூசினால் அந்த இடத்துத் தோலே மெலிந்துவிடும். டொக்டர் பார்த்து, இத்தனை நாளைக்கு என்று அளந்து கொடுக்கிற ஸ்டீரொய்ட் வேறு விஷயம். கவுண்டரில் நின்று வாங்குகிற "எல்லாத்துக்கும் நல்லம்" டியூப் வேண்டாம், அதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரியில்தான் காட்டினோம். என்னைப் பார்த்தவர் ஒரு இளம் சிங்கள டொக்டர், தமிழ் ஓரளவு பேசினார். திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார், பார்த்த கையோடு அவர் கேட்ட முதல் கேள்வி அந்த இடத்தைப் பற்றியது இல்லை, ராத்திரியில் எத்தனை தடவை எழும்புகிறீர்கள் என்பதுதான். அடுத்தது, அப்பா அம்மாவுக்குச் சீனி இருக்கிறதா என்று. மிஸி, அதாவது நர்ஸ், விரலில் குத்திப் பார்த்தார், 312. காலையில் வெறும் வயிற்றில் எடுத்த எஃப்.பி.எஸ். 214 வந்தது, மூன்று மாதச் சராசரி காட்டுகிற எச்பிஏ1சி 10.4. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சீனி வருத்தம் என்று வைத்துக்கொள்கிறார்கள், வெறும் வயிற்றில் 100க்கும் 125க்கும் இடையில் என்றால் வரப்போகிறது என்று எச்சரிக்கை. நான் அந்தக் கோட்டை எல்லாம் எப்போதோ தாண்டிவிட்டிருந்தேன்.

டொக்டர் விளக்கினது என் மனதில் நன்றாகப் பதிந்திருக்கிறது. இரத்தத்தில் சீனி கிட்டத்தட்ட 180ஐத் தாண்டினால் கிட்னியால் எல்லாவற்றையும் பிடித்து வைக்க முடியாது, மிச்சம் மூத்திரத்தில் இறங்கும். மூத்திரம் போன பிறகு முன்தோலுக்குள் ஒன்றிரண்டு சொட்டு எப்போதும் தங்கும், அது எல்லா ஆம்பளைக்கும் நடப்பதுதான். என் விஷயத்தில் அந்தச் சொட்டில் சீனி இருந்தது. கேண்டிடா என்று ஒரு பூஞ்சை, அது பலருடைய தோலில் ஒரு தொந்தரவும் செய்யாமல் சும்மா இருக்கிற ஒன்று, சூடும் ஈரமும் சீனியும் ஒரே இடத்தில் கிடைத்ததும் பெருகிவிடுகிறது. சீனி ஏறிய உடம்பில் கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்களும் சரியாக வேலை செய்யாது. தோல் வெடித்ததும் மற்ற பக்டீரியாக்களும் வந்து சேர்ந்துகொள்ளும், அப்போதுதான் வாடை நாற்றமாக மாறும். வளர்ந்த ஆம்பளைக்குப் புதிதாக முன்தோல் இறுகினால் சீனியைப் பார்க்க வேண்டும் என்பது டொக்டர்மாருக்கு நன்றாகத் தெரிந்த விஷயமாம். மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்த்தால் நீரிழிவு என்று எங்கள் கிழவிகள் சொல்வார்களே, அதே சீனிதான் இங்கேயும் வேலை செய்கிறது.

கிழவிகள் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் "உடம்புச் சூடு" என்றுதான் பேர். சூட்டுக்கு வெந்தயம் ஊற வைத்துக் குடி, செவ்விளநீர் குடி, எண்ணெய் தேய்த்து முழுகு என்பார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் சீனி 300ல் நிற்கிற ஒருவன் சூட்டைத் தணிக்கிறேன் என்று தினமும் செவ்விளநீர் குடித்தால் அதிலும் சீனிதான் உள்ளே போகும். முதலில் இரத்தத்தைப் பாருங்கள், சூடா சீனியா என்று பிறகு பேசலாம்.

பால்வினை நோய்க்கான இரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொன்னார்கள். எனக்கு அதில் கோபம் இல்லை. வாடையும் கசிவும் இருந்தால் அதையும் பார்த்து விலக்க வேண்டும், அதுதான் சரியான வைத்தியம். மாவட்ட ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே தனி கிளினிக் இருக்கிறது, காசும் இல்லை, விஷயமும் வெளியே போகாது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை என்று வந்தது. அந்த ரிப்போர்ட் துண்டைப் பார்த்தபோது அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து, கேட்காமல் இருந்தாலும் உள்ளுக்குள் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்று புரிந்தது.

மருந்து என்று பார்த்தால் சின்ன விஷயம்தான். ஒரு சதவீத குளோட்ரிமசோல் கிரீம், காலையும் மாலையும் மெல்லியதாகப் பூசி இரண்டு வாரம். ஃப்ளூகொனசோல் 150 மில்லிகிராம் ஒரே ஒரு மாத்திரை. அவளுக்கு உள்ளே வைக்கிற மாத்திரை. ஆறும் வரைக்கும் சேராமல் இருங்கள் என்றார்கள், இந்தக் கிரீம்கள் ஆணுறையின் ரப்பரைப் பலவீனமாக்கும், அதனால் அதை நம்பியும் இருக்கக் கூடாது. சீனிக்கு மெட்போமின், முதலில் கொஞ்சமாகத் தொடங்கிப் பிறகு கூட்டினார்கள். இதில் ஒரு எச்சரிக்கை: ஏற்கெனவே சீனி மாத்திரை குடிக்கிறவர்கள் டொக்டரிடம் சொல்லாமல் ஃப்ளூகொனசோலை வாங்கிப் போடாதீர்கள், கிளிபென்கிளமைட் மாதிரிச் சில சீனி மாத்திரைகளோடு சேர்ந்தால் சீனியை அளவுக்கு மீறி இறக்கிவிடும். ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்குச் சீனி இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், அதுவும் எங்கள் வளைவுகளில்.

கிரீம் பூசி ஒரு வாரத்துக்குள் வாடை விட்டது. ஆனால் சீனி இறங்கும் முன்னே கிரீமை முடித்ததும் திரும்ப எட்டிப் பார்த்தது. சீனி குறையக் குறையத்தான் ஒரேயடியாக நின்றது. கிரீம் இருக்கிற பூஞ்சையைக் கொல்லும், அதற்குச் சாப்பாடு போடுகிற சீனியை அதனால் நிறுத்த முடியாது. திரும்பத் திரும்ப வருகிறது என்று புதுப் புது கிரீம் தேடுகிற ஒவ்வொருவரிடமும் நான் சொல்வது இதுதான்.

இனிக் கழுவுவது பற்றி. இது எங்கள் இடத்தில் நினைக்கிற மாதிரிச் சுலபம் இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தோட்டத்தில் ஆம்பளைகள் குளிப்பது பீலியில், அதாவது மலைத் தண்ணீர் குழாயாக விழுகிற இடத்தில். சாரத்தைக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் நாலு பேர் நிற்க, ஐஸ் மாதிரித் தண்ணீரில். சோப்பைச் சாரத்துக்குள் கையை விட்டு அவசரமாகத் தேய்ப்போம், முன்தோலைத் தள்ளிக் கழுவுவது என்பது அங்கே நடக்காத காரியம். தேய்த்த சோப்பும் முழுதாகப் போகாது. துவட்டும் முன்னே குளிருக்கு உடுப்பைப் போட்டுவிடுவோம். ஆக உள்ளே ஈரம், சோப்பு மிச்சம், அதற்கு மேல் ஜட்டி. மழை மாதங்களில் அந்த ஜட்டியும் சரியாகக் காய்ந்திருக்காது. ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரைக்கும் நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் வெயிலைக் காண்பதே அபூர்வம், கொடியில் போட்ட துணி நாள் கணக்கில் தொங்கும்.

எனக்குச் சொல்லித் தந்ததும் நான் செய்வதும் இதுதான். பீலிக் குளியல் தனி, இந்தக் கழுவல் தனி. ஒரு சின்ன வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துக்கொண்டு கக்கூசுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நிதானமாகக் கழுவ வேண்டும், நாளுக்கு ஒரு தடவை போதும். முன்தோலை வருகிற அளவுக்கு மட்டும் பின்னுக்குத் தள்ளி வெறும் தண்ணீரால் கழுவ வேண்டும், உள்ளே சோப்பு வேண்டாம், சோப்பு அந்த மெல்லிய தோலை எரித்து வாடைக்கு இன்னும் வழி விடும். வெளியே தொடை இடுக்குக்கும் முடிக்கும் சாதாரண சோப்புப் போதும். அப்புறம் மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துக் காய விட வேண்டும், தேய்க்கக் கூடாது. கழுவி முடிந்ததும் தோலை மறக்காமல் முன்னுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பின்னாலேயே விட்டால் இறுகி மொட்டு வீங்கிவிடும், திரும்ப முன்னுக்கு வராது, அப்படி ஆனால் அது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம். இறுகின தோலை வலுக்கட்டாயமாக இழுக்கவும் கூடாது.

டெட்டோல், சவ்லோன், தேசிக்காய், இதெல்லாம் எங்கள் ஆட்கள் ஊற்றிப் பார்க்கிற சாமான்கள். வெடித்த தோலில் தேசிக்காய் பிழிந்த ஒரு பொடியனை எனக்குத் தெரியும், அவன் பட்ட வேதனையை எழுத மனம் வரவில்லை. வாசனைப் பவுடரும் ஸ்பிரேயும் அதே மாதிரித்தான், ஈரத்தில் பவுடர் கட்டி கட்டியாகிக் கிடக்கும், ஸ்பிரே எரிக்கும். முடியை ஒட்டச் சிரைக்கவும் வேண்டாம், சீனிக்காரனுக்கு பிளேட் வெட்டுப்பட்டால் அதுவே சீழ் பிடிக்கும், கத்தரியால் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும்.

வேனில் எப்போதும் ஒரு டொய்லட் ரோல் வைத்திருக்கிறேன். வழியில் மூத்திரம் போனால் உதறிவிட்டு வருவதோடு நிற்காமல் கடைசிச் சொட்டைத் துடைத்துவிடுவேன். இவ்வளவு சின்ன வேலை இவ்வளவு பெரிய வித்தியாசம் தரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. ரெக்சின் கவருக்கு மேலே பருத்தித் துவாய் ஒன்று விரித்திருக்கிறேன். ஜட்டி எல்லாம் பருத்தி, இறுக்கமில்லாதது, மழைக்காலத்துக்கென்று கூடுதலாகச் சில. அடுப்புக்கு மேலே கம்பியில் போட்டுக் காய வைத்து, போடும் முன்னே ஒரு தடவை சூடாக அயன் பண்ணிவிடுவாள் அவள், அல்லது நானே பண்ணுவேன். ராத்திரி சாரம் மட்டும்.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் தேத்தண்ணிதான். சீனி இல்லாமல் குடிக்கப் பழகினேன், முதலில் கசந்தது, இப்போது சீனி போட்டுத் தந்தால் குடிக்க முடியவில்லை. நம்முடைய மண்ணில் விளைகிற தேயிலையின் ருசியே எனக்கு இந்த வயதில்தான் தெரிய வந்தது. பாணும் கோதுமை மாவு ரொட்டியும் மூன்று வேளையும் தின்கிற பழக்கம் தோட்டத்தில் ஊறிப்போனது, அதை ஒரேயடியாக விட முடியாது, ஒரு வேளையைக் குறைத்து மரக்கறியும் பருப்பும் கூட்டினோம்.

என் மச்சானுடைய கதை கொஞ்சம் வேறு. அவருக்குச் சீனி நல்ல கட்டுப்பாட்டில் இருந்தது, அப்படி இருந்தும் வாடையும் அரிப்பும் வந்தது. காரணம் அவர் குடித்த புது மாத்திரை, எம்பாகிளிஃப்ளோசின். டாபாகிளிஃப்ளோசினும் அதே வகைதான். இந்த மாத்திரைகளின் வேலையே சீனியை மூத்திரத்தில் இறக்கி வெளியேற்றுவது, ஆகவே இரத்தம் சுத்தமாக இருந்தாலும் அந்த இடத்தில் சீனி தங்கும். இருதயத்துக்கும் கிட்னிக்கும் மிகவும் நல்ல மாத்திரைகள், அதனால் வாடை வந்தது என்று தானாக நிறுத்திவிடாதீர்கள். டொக்டரிடம் சொல்லுங்கள். மச்சானுக்குக் கிரீம் தந்து, ஒவ்வொரு தடவையும் மூத்திரம் போன பிறகு கழுவித் துடைக்கச் சொன்னதோடு சரியாகிவிட்டது, மாத்திரை தொடர்கிறது. அபூர்வமாக மோசமான தொற்று வரலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்.டி.ஏ. 2018ல் இந்த வகை மாத்திரைகளுக்கு எச்சரிக்கை விட்டிருக்கிறது, அந்தத் தொற்றைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

எல்லா வாடைக்கும் சீனிதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். தொடை இடுக்கில் பழுப்பு நிறத்தில் படை மாதிரிப் பரவி, அரிப்பு அவ்வளவாக இல்லாமல் இருந்தால் அது எரித்ராஸ்மா என்கிற பக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். தோல் கிளினிக்கில் ஒரு ஊதா லைட்டை அடித்துப் பார்ப்பார்கள், பவளச் சிவப்பாக ஒளிரும். அதற்குப் பூஞ்சை கிரீமைவிட அன்டிபயோட்டிக்தான் சரியான மருந்து, அதுவும் சீனிக்காரர்களுக்கு அதிகம் வருவதுதான். இடுப்பு மடிப்பில் கட்டி கட்டியாக வந்து உடைந்து நாற்றமடிக்கிற சீழ் வடிவது திரும்பத் திரும்ப நடந்தால் அது தனி நோய், சிகரெட்டும் உடல் பருமனும் அதைக் கூட்டும். வயதானவர்களுக்கு புரொஸ்டேட் வீங்கி மூத்திரம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து உடுப்பில் ஊறும், வீட்டில் மருமகள்மார் தாத்தா சுத்தமாக இல்லை என்று ஏசுவார்கள், பாவம், அந்த மனிதர் ஒன்றும் சொல்லாமல் ஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பார். அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். முன்தோல் இறுகிப்போய், உள்ளே ஆறாத புண்ணோ தடிப்போ இருந்து, நாற்றமடிக்கிற கசிவோ இரத்தமோ வந்தால் தள்ளிப் போடவே வேண்டாம், புற்றுநோய் இல்லை என்று டொக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அவசரம் எது என்றும் தெரிந்திருக்க வேண்டும். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதியில் திடீரென்று கடுமையான வலி, வீக்கம், காய்ச்சல், தோல் கறுத்துப் போவது, அழுகின நாற்றம், இவை சேர்ந்து வந்தால் அது ஃபோர்னியர் கேங்ரீன். மேலே சொன்ன தொற்று இதுதான். அபூர்வம், ஆனால் மணிக்கணக்கில் பரவி உயிரையே எடுத்துவிடும், சீனிக்காரர்களுக்கு ஆபத்து கூட. விடியட்டும், வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு முடியட்டும், லீவு எடுத்துக்கொண்டு போகலாம் என்று இருக்கக் கூடாது. 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

முன்தோல் இறுகினது பற்றிப் பலர் என்னிடம் ரகசியமாகக் கேட்கிறார்கள், வெட்டித்தான் ஆக வேண்டுமா என்று. எனக்குச் சீனி இறங்கினதும் வெடிப்பு ஆறித் தோல் மெல்ல மெல்லத் தளர்ந்துவிட்டது. தளராதவர்களுக்கு டொக்டர் அளந்து தருகிற கிரீம் இருக்கிறது, அதிலும் சரிவராவிட்டால் ஒப்பரேஷன். எங்கள் ஆட்கள் இது முஸ்லிம்கள் செய்கிற காரியம், நமக்கு எதற்கு என்று பின்வாங்குகிறார்கள். இது வைத்தியம், சமயத்தோடு இதைப் போட்டுக் குழப்ப வேண்டாம். ஒப்பரேஷனுக்கு முன்னால் சீனி இறங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் காயம் ஆறாது, அதை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது என் எச்பிஏ1சி 6.9. வாடை இல்லை. தீபாவளிப் பலகாரம், பொங்கல், சீசன் நேரத்துக் கடைச் சாப்பாடு என்று கொஞ்சம் பிசகினால் மெல்லிய அரிப்பு ஒன்று வரும், அப்போது குத்திப் பார்த்தால் சீனி ஏறித்தான் இருக்கும். அதனால் அந்த அரிப்பை நான் அலட்சியப்படுத்துவதே இல்லை.

ஆஸ்பத்திரியில் சொல்வதுதான் பலருக்குத் தடை என்று எனக்குத் தெரியும். பின்னால் கியூவில் ஊர்க்காரன் நிற்பான், டொக்டர் பெண்ணாக இருப்பார், சிங்களத்தில் சொல்ல வேண்டி வரும், கடைசியில் தலையிடி என்று சொல்லிப் பனடோல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். சிங்களம் எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையிடம் முன்கூட்டியே எழுதி வாங்கினாலும் சரி, தமிழில் எழுதித் தமிழ் தெரிந்த மிஸியிடம் நீட்டினாலும் சரி. இவ்வளவு எழுதினால் போதும்: "ஆணுறுப்பில் கொஞ்ச நாளாக வாடை, அரிப்பு, வெள்ளையாகப் படிகிறது. முன்தோல் வெடித்து இறுகியிருக்கிறது. ராத்திரியில் பல தடவை மூத்திரம் போகிறது, தாகம் இருக்கிறது, உடம்பு மெலிந்திருக்கிறது. குடிக்கிற மருந்துகள் இவை. தனியாகப் பார்க்க முடியுமா? இரத்தத்தில் சீனியும் பார்த்துத் தாருங்கள்."